முதியோர் இல்லத்தில் செவிலியர் உதவியாளர்: பணியும் பொறுப்பும்



நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள்களில் முதல் வாரத்தில் நமக்குக் கற்பிக்கப்பட்டது கரும்பலகையில் எழுதும் முறையன்று. வருகைப் பதிவேட்டை வாசிக்கும் முறையாகும். பெயரை வாசித்துவிட்டுக் குனிந்தவாறே குறியிடுதல் கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் தலை நிமிர்ந்து அக்குழந்தையின் முகத்தை நோக்குதல் வேண்டும். எவன் முகம் வாடியிருக்கிறது, எவள் கண் சிவந்திருக்கிறது, நேற்று ஓடியாடியவன் இன்று ஏன் சுவரோரம் ஒதுங்கியிருக்கிறான் என்பவற்றைக் கண்ட பின்னரே பாடம் தொடங்க வேண்டும் என்பது நம் ஆசிரியையின் கட்டளை. முப்பத்தைந்து ஆண்டுக்கால ஆசிரியப் பணியில் நமக்குப் பெருந்துணையாய் நின்றது அப்பழக்கமே எனலாம்.

பணி ஓய்வுக்குப் பின் ஒருமுறை அப்பழக்கத்தை நாம் மறந்தோம். அம்மறதியால் விளைந்த வருத்தமே இப்பாடத்தை எழுதத் தூண்டியது.

1. பாடத்தின் தேவை

காங்கேயமும் அதன் சுற்றுப்புறமும் ஓயாது உழைக்கும் ஊர்கள். அரிசி ஆலைகளும், எண்ணெய் ஆலைகளும், தேங்காய்ப் பருப்பு உலர்த்தும் களங்களும் இங்கு நிறைந்துள்ளன. பொழுது விடிந்ததும் திருப்பூர்ப் பனியன் நிறுவனங்களை நோக்கிப் பேருந்துகளும் வேன்களும் புறப்பட்டுவிடும். காலை எட்டரை மணிக்குப் பல வீடுகளில் எஞ்சியிருப்போர் முதியோர் மட்டுமே. முன்னாளில் திண்ணையில் அமர்ந்த பாட்டிக்கு ஒரு குவளை நீர் கொடுக்க வீட்டில் நால்வர் இருந்தனர். இன்று மகனும் மருமகளும் வேலைக்குச் செல்கின்றனர். பேரப்பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ, கடல் கடந்தோ வாழ்கின்றனர். இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. காலத்தின் மாற்றம் இது.

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களுள் அறுபது வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காட்டினர். தமிழ்நாட்டிலோ 10.4 விழுக்காட்டினர். அதன்பின் இவ்விகிதம் மேலும் உயர்ந்தே வருகிறது. முதியோரைப் பேணும் இல்லங்கள் பெருகுவதன் காரணம் இதனால் விளங்கும்.

நம்முடன் பல்லாண்டுகள் பணியாற்றிய கணித ஆசிரியை ஒருவர் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் குழறிய நிலையில், அத்தகைய இல்லம் ஒன்றில் சேர்க்கப்பட்டார். மாதம் இருமுறை நாம் அவரைக் காணச் செல்வது வழக்கம். ஒவ்வொரு முறையும் அவர் தலை வாரிப் பின்னப்பட்டிருக்கும். போர்வை சுருக்கமின்றி விரிக்கப்பட்டிருக்கும். அவரைக் கவனித்துக்கொண்டவள் பத்தொன்பது வயதுப் பெண். "இன்னும் ஒரே ஒரு வாய் ஆத்தா" என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுவாள். அதைக் கண்டு மனம் நிறைந்து, கொண்டு சென்ற பழங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்புவோம்.

ஒருநாள் போர்வைக்குள்ளிருந்து தீய நாற்றம் எழுந்தது. செவிலியரை அழைத்து, அம்மையாரை ஒருபுறம் சாய்த்துப் பார்த்தபோது, வால் எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்திற்குப் புண் குழிந்திருக்கக் கண்டோம். அப்பெண் சுவரில் சாய்ந்து அழுதாள். "பத்து நாளைக்கு முன்னாலயே செவந்து இருந்ததுங்க டீச்சர். நான் சொல்லலாமா வேண்டாமான்னு தெரியலைங்க. பெரிய சிஸ்டருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுட்டேனுங்க" என்றாள்.

அவள் முன்னர் என்ன வேலை செய்தாள் என்று வினவினோம். பனியன் நிறுவனமொன்றில் ஈராண்டுகள் 'செக்கிங்' மேசையில் நின்றவள் அவள். கடுகளவு எண்ணெய்க் கறையாயினும், ஒரு தையல் விட்டுப்போயிருப்பினும் கண்டுபிடித்து, அவ்விடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தனியே எடுத்து வைப்பாள். அங்கே எது குறை, அதை எவரிடம் காட்ட வேண்டும் என்று முதல் நாளே கற்பித்திருந்தனர். இங்கே அதைக் கற்பித்தவர் எவருமில்லை. கண் இருந்தது; அன்பும் இருந்தது. கண்டதைச் சொல்வதும் தன் வேலையே என்னும் அறிவை மட்டும் அவளுக்கு யாரும் ஊட்டவில்லை.

நாமும் அங்குச் சென்றவர்களே. முகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். "முதுகு எப்படி இருக்கிறது?" என்று ஒருநாளும் கேட்டோமில்லை. நம் தோழியார் அதன்பின் நான்கு திங்கள் உயிர் வாழ்ந்தார். புண் முழுதும் ஆறவில்லை.

2. செவிலியர் உதவியாளர் என்பவர் யார்?

மக்கள் இவரை 'ஆயா' என்றும், 'பார்த்துக்கொள்ளும் பெண்' என்றும் அழைப்பர். ஆண்களும் இப்பணியில் உள்ளனர். மருத்துவர் நோயைக் கண்டறிகிறார். பதிவு பெற்ற செவிலியர் மருந்தையும் சிகிச்சையையும் நிறைவேற்றி, கண்காணிக்கிறார். செவிலியர் உதவியாளரோ, செவிலியரின் மேற்பார்வையில், முதியவரின் அன்றாட வாழ்வைத் தாங்கி நிற்கிறார். நீராட்டல், ஊட்டல், உடுத்தல், எழுப்பி நடத்தல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லல் ஆகிய அனைத்தும் அவர் கைகளாலேயே நிகழ்கின்றன.

மருத்துவர் ஒரு முதியவருடன் இருப்பது சில நிமிடங்கள். செவிலியர் பலரைக் கவனிக்க வேண்டியவர். உதவியாளர் ஒருவரே நாள் முழுதும் உடனிருப்பவர். முதியவரின் முதுகையும், பாதத்தையும், பற்களையும், உண்ணாமல் மிஞ்சிய சோற்றையும் தினமும் காண்பவர் அவரே. படிநிலையில் கடைசியில் நிற்கும் இவரே காண்பதில் முதல்வர் என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இந்நாட்டில் முதியோர் நலம் தனித் துறையாக வளர்ந்தது அண்மைக் காலத்திலேயே. சென்னையில் 1978இல் சாவித்திரி வைத்தி அம்மையார் ஆதரவற்ற மூதாட்டியர்க்காக 'விச்ராந்தி' இல்லத்தைத் தொடங்கினார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனி மருத்துவப் பிரிவு மலரக் காரணராய் இருந்தவர் டாக்டர் வ. செ. நடராசன். 2024இல் கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. உதவியாளர்க்கான பயிற்சியும் இன்று 'பொதுப்பணி உதவியாளர்' என்னும் பெயரில் திறன் மேம்பாட்டு நிலையங்கள் வாயிலாக அளிக்கப்படுகிறது. ஆயினும் சிற்றூர்களில் இப்பணிக்கு வருவோர் பலர் எப்பயிற்சியுமின்றியே வருகின்றனர்.

3. அறநூல் காட்டும் நெறி

நம் அறநூல்கள் இப்பணியைத் தாழ்வாகக் கருதவில்லை. அகத்தவம் ஆறனுள் ஒன்று வையாவிருத்தியம் எனப்படும் தொண்டாகும். அத்தொண்டினைப் பெறுதற்குரிய பதின்மரைத் தத்துவார்த்த சூத்திரம் வகைப்படுத்துகையில், ஆசாரியரோடும் உபாத்தியாயரோடும் நோயுற்ற துறவியையும் சேர்த்தே கூறுகிறது. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது அருவருப்பின்மை. அதற்குச் சான்றாகச் சமந்தபத்திர ஆசாரியர் உத்தாயன மன்னனைக் குறிப்பிடுகிறார். நோயால் மெலிந்த முனிவர் ஒருவர் உண்ட உணவை மன்னன் மீதே கக்கியபோது, அவன் முகம் சுளிக்காமல், தான் அளித்த உணவே அவருக்குத் தீங்கு செய்ததோ என வருந்தி, தன் கையாலேயே அவரைத் தூய்மை செய்தான் என்பது வரலாறு.

இவை துறவியர்க்குச் செய்யும் தொண்டு பற்றியவை என்பது உண்மையே. எனினும் முதியவரின் கழிவைத் துடைக்கும் கையை இழிவாகக் கருதும் உரிமை நமக்கில்லை என்பது இவற்றால் தெளிவாகிறது.

4. அன்றாடக் கடமைகள்

அ. தூய்மை. முதற்கடமை தம் கைகளைக் கழுவுதல். 1847இல் வியன்னா நகர மகப்பேறு மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், கை கழுவுதலைக் கட்டாயமாக்கியதும் தாய்மாரின் இறப்பு பெருமளவு குறைந்ததைக் கண்டார். அந்நாளில் பலர் அவரை ஏற்கவில்லை. இன்று அதுவே உலகெங்கும் முதல் விதி. ஒரு முதியவரைத் தொடுமுன்னும், தொட்ட பின்னும், வேறொருவரிடம் செல்லுமுன்னும் சோப்பிட்டு இருபது விநாடிகள் கழுவுதல் வேண்டும். கையுறை அணிந்தாலும் இவ்விதியிலிருந்து விலக்கு இல்லை.

நீராட்டுமுன் "குளிக்கலாமுங்களா?" என்று கேட்டு, கதவையோ திரையையோ மூடி, நீரின் சூட்டைத் தம் முழங்கையில் சோதித்தல் வேண்டும். முகத்தில் தொடங்கி, மறைவிடங்களை இறுதியில் தூய்மை செய்க. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைத்தால் சிறுநீர்த் தொற்று தடுக்கப்படும். உடல் முழுதும் ஒரே நேரத்தில் திறந்திருத்தல் கூடாது. துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, ஏனைய பகுதிகளைத் துணியால் மூடி வைக்க. விரல் இடுக்குகளையும் தோல் மடிப்புகளையும் ஈரமின்றி ஒற்றியெடுக்க. சர்க்கரை நோயாளியின் பாதத்தை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். உணர்ச்சி மங்கிய காலில் முள் தைத்தாலும் அவர் அறியமாட்டார். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி நீரில் இட்டு வைக்க.

ஆ. உணவு. படுத்த நிலையில் ஊட்டுதல் தீது. நிமிர்ந்து அமரச் செய்து, தாமும் எதிரில் அமர்ந்து, சிறு கரண்டியால் ஊட்டி, விழுங்கியதைக் கண்ட பின்னரே அடுத்த வாய் தருக. உண்ட பின் அரைமணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். பக்கவாதம் வந்தவர்க்கு விழுங்கும் ஆற்றல் குறைந்திருக்கும். உண்ணும்போது இருமல் எழுந்தாலும், புரையேறினாலும், குரல் நீர் கலந்தாற்போல் ஒலித்தாலும் ஊட்டுவதை நிறுத்திச் செவிலியரை அழைக்க. நுரையீரலில் உணவு சென்றால் காய்ச்சலும் உயிரிடரும் நேரும். முதுமையில் தாகம் தோன்றுவது குறையும். ஆதலின் கேட்கும்வரை காத்திராமல், மருத்துவர் தடை விதிக்காதவிடத்து, சிறிது சிறிதாக நீர் தருக.

இவ்விடத்தில் நம் இல்லத்து முதியோர் பற்றித் தனியே ஒன்று கூற வேண்டும். கதிரவன் மறைந்தபின் உண்ணாத நோன்பினர் நம்மிடையே உளர். நீரும் பருகாதவர் சிலர். கிழங்கு வகைகளை விலக்குவோரும் உளர். இவற்றைச் சேர்க்கும் நாளிலேயே இல்லத்தாரிடம் எழுத்தில் தருதல் வேண்டும். நோன்பினர் சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ கொள்பவராயின் இதில் உயிரே அடங்கியுள்ளது. மாலை மருந்தைக் கொண்டு, உணவின்றி இரவைக் கழித்தால் இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடக் கூடும். வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம் ஆகியன அதன் அறிகுறிகள். உதவியாளர் மருந்தின் அளவை மாற்றலாகாது. இவர் இரவில் உண்பதில்லை என்று செவிலியர்க்கு அறிவிப்பதே அவர் கடமை. அதற்கேற்ப மருத்துவர் மருந்தையும் நேரத்தையும் மாற்றியமைப்பார். அறிகுறி தோன்றினால் உடனே செவிலியரை அழைத்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. இத்தகைய இடர் நேர்ந்தால் இரவில் சர்க்கரை நீர் தரலாமா என்பதை அம்முதியவரிடமே தெளிந்த நேரத்தில் கேட்டு எழுதி வைத்தல் நன்று.

இ. புரட்டுதலும் இடம் மாற்றுதலும். எலும்பு புடைத்த இடங்களில் உடலின் எடை இடைவிடாது அழுத்தும்போது, அவ்விடத்தில் குருதியோட்டம் தடைப்பட்டுத் தோலும் தசையும் மடிகின்றன. இதுவே படுக்கைப் புண். வால் எலும்பு, இடுப்பின் பக்கங்கள், குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்தலை ஆகியவை இது தோன்றும் இடங்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த டோரின் நார்ட்டன் என்னும் செவிலியர் தம் குழுவினருடன் ஆராய்ந்து, 1962இல் வெளியிட்ட நூலில், மருந்தும் களிம்பும் பூசுவதைக் காட்டிலும் நோயாளியை அடிக்கடி நிலை மாற்றிப் படுக்க வைப்பதே பயன் தருவதாகக் காட்டினார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் ஆற்றல், கழிவடக்கம் ஆகிய ஐந்தையும் மதிப்பிட்டு, யாருக்குப் புண் வரக்கூடும் என்பதை முன்னரே கணிக்கும் அளவுகோலையும் வகுத்தார்.

களத்தில் தேங்காய்ப் பருப்பை உலர்த்துவோர் அதைப் புரட்டிப் போட வேண்டிய வேளையை யாரும் சொல்லாமலே அறிவர். படுக்கையிலிருப்பவரைப் புரட்டுவதற்கு அத்தகைய ஒழுங்கு வேண்டும். இரண்டு மணிக்கொருமுறை என்பது பொதுக் கணக்கு. ஒவ்வொருவர்க்கும் ஏற்ற இடைவெளியைச் செவிலியர் வகுப்பார். இடம், மல்லாந்து, வலம் என நேரத்துடன் குறித்து வைக்க. குதிகாலைப் படுக்கையில் படாதவாறு கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைத்து உயர்த்துக. விரிப்பில் மடிப்போ, உணவுத் துணுக்கோ இருத்தல் ஆகாது. இழுத்து நகர்த்தினால் தோல் உரியும்; இருவர் சேர்ந்து தூக்கி நகர்த்துக. சிவந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பது பலர் செய்யும் பிழை. அது புண்ணை விரைவுபடுத்தும்.

சிவந்த இடத்தை விரலால் மெல்ல அழுத்தினால் வெளுத்து மீண்டும் சிவப்பது இயல்பு. வெளுக்காமல் அப்படியே நின்றால் அதுவே புண்ணின் முதற்படி. நம் நாட்டு மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் சிவப்பு கண்ணுக்குப் புலப்படாமலும் போகலாம். ஆகவே சுற்றுப்புறத்தினும் அவ்விடம் கருத்திருக்கிறதா, சூடாகவோ குளிர்ச்சியாகவோ, கெட்டியாகவோ குழைவாகவோ இருக்கிறதா என்று தொட்டும் அறிதல் வேண்டும்.

படுத்தவரைத் திடீரென எழுப்பி நிறுத்தினால் தலை சுற்றி விழக்கூடும். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் அமர்த்திய பின் நிற்கச் செய்க. சக்கர நாற்காலியின் தடையைப் பூட்டிய பின்னரே அமர்த்துக. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தல் ஆகாது. ஒருவர் கீழே விழுந்துவிட்டால் உடனே தூக்கி நிறுத்தாமல், அசையாது வைத்திருந்து செவிலியரை அழைக்க, எலும்பு முறிந்திருக்கலாம்.

ஈ. கழிவு நீக்கம். முதியோர் மிகவும் நாணுவது இதற்கே. அழைத்தவுடன் செல்வது பாதி மருத்துவம். படுக்கை நனைந்தால் கடிந்துரையாமல் துடைத்து, உலர்த்தி, மாற்றுக. நனைந்த டயாப்பரிலேயே நெடுநேரம் விட்டுவைத்தல் தோலை அழிக்கும். படுக்கை நனையாதிருக்க நீர் தருவதைக் குறைப்பது பெருங்குற்றம். குறித்த நேரங்களில் தாமே அழைத்துச் செல்வதே நல்வழி.

உ. மனம். 'ஏய் பாட்டி', 'இந்தக் கிழவி' என்னும் சொற்கள் கைகளினும் கொடியவை. அப்பாரு, ஆத்தா, அப்பச்சி, அம்முச்சி என நம் பகுதியில் உறவுச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் 'சார்' என்று அழைக்கப்பட விரும்பினால் அவ்வாறே அழைக்க. நினைவு மறதி நோயுற்ற மூதாட்டி, என்றோ மறைந்த கணவரைத் தேடினால், "அவர் செத்துப் பல வருசமாச்சு" என்று நாள்தோறும் புதிய துக்கத்தைத் தராமல், "அவரைப் பத்திச் சொல்லுங்க ஆத்தா" என்று கேட்டு அமர்க. தாமே செய்யக்கூடியதை முதியவரே செய்ய விடுதலும் ஒரு கடமை. சட்டைப் பொத்தானைத் தாமே போட அவருக்கு ஐந்து நிமிடம் ஆகலாம். நாம் அரை நிமிடத்தில் போட்டுவிட்டால், ஆறு மாதத்தில் அவர் விரல்கள் அதை மறந்துவிடும்.

5. காண், குறி, கூறு

இப்பாடத்தின் உயிர்நாடி இம்மூன்று சொற்களே.

காங்கேயம் காளைகளை வளர்க்கும் உழவரை நோக்குக. அவர் அதிகாலையில் தொழுவத்திற்குச் சென்றதும், மாடு தீனியை மிச்சம் வைத்திருக்கிறதா, அசை போடுகிறதா, காது தொங்குகிறதா என்று ஒரு பார்வையில் அறிகிறார். வாயில்லாத உயிரின் நோயை வாயுள்ளவர் அறியும் கலை அது. குழறிப் பேசும் முதியவர், வலியை மறைக்கும் மூதாட்டி, நினைவு மங்கியவர் ஆகியோரிடத்தும் அக்கலையே வேண்டும்.

காணத்தக்கவை இவை: உண்ட அளவு, பருகிய நீர், சிறுநீரின் நிறமும் நாற்றமும், மலச்சிக்கல், தோலின் நிறம், பாத வீக்கம், மூச்சின் வேகம், உறக்கம், பேச்சு, நடை. நேற்றுத் தெளிவாகப் பேசியவர் இன்று திடீரெனக் குழம்பினால், 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடலாகாது. முதியோர்க்குத் தொற்று நோய் காய்ச்சலின்றியும் வரும்; குழப்பமே அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் அது பக்கவாதம். நேரத்தைக் குறித்துக்கொண்டு, செவிலியரை அழைத்து, 108 ஊர்தியை உடனே வரவழைத்தல் வேண்டும்.

குறித்தல் என்பது அன்றே, அந்நேரமே எழுதுதல். 'நன்றாக இருக்கிறார்' என்பது குறிப்பன்று. 'காலை 8 மணி, இரண்டு இட்டிலியில் அரை இட்டிலி உண்டார். இடக் குதிகால் கருத்துள்ளது' என்பதே குறிப்பு. செய்யாததைச் செய்ததாக எழுதுவது பொய் மட்டுமன்று. அடுத்து வருபவரை ஏமாற்றி முதியவரைத் துன்புறுத்துவதுமாகும்.

கூறுதல் என்பது 'அவர்களுக்குத் தெரிந்திருக்கும்' என்று எண்ணாதிருத்தல். தெரிந்ததை இருமுறை கேட்பதால் செவிலியர்க்கு எந்த இழப்பும் இல்லை. ஒருமுறையும் கேளாததால் நம் தோழியார் இழந்தது பெரிது. கூறியும் கேளாவிடின் அடுத்த பொறுப்பாளரிடம் கூறுக.

6. செய்யத் தகாதவை

ஊசி போடுதல், மருந்தின் அளவைக் கூட்டிக் குறைத்தல், குழாய்களைச் செருகுதல் ஆகியவை உதவியாளர் பணியல்ல. தொல்லை தருகிறார் என்று கைகால்களைக் கட்டுவதும், உறங்க வைப்பதற்காக மருந்து தருவதும் இம்சையே. முதியவரின் நோயையும் குடும்பச் செய்திகளையும் வெளியே பேசுதல் கூடாது. நகை, பணம், கையொப்பம் எதனையும் தனியே பெறுதல் கூடாது.

7. குடும்பத்தாரின் கடமை

2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் சட்டக் கடமை என்கிறது. மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் அமைப்பது பற்றியும் அது கூறுகிறது. முதியோர் இன்னலுற்றால் 14567 என்னும் உதவி எண்ணை அழைக்கலாம். ஆனால் மாதப் பணத்தைக் கட்டிவிட்டால் கடமை முடிந்துவிடாது.

காணச் செல்வோர் செவிலியரிடமும் உதவியாளரிடமும் நான்கு வினாக்கள் கேட்க வேண்டும். முதுகும் குதிகாலும் எப்படி உள்ளன? இவ்வாரம் உணவும் நீரும் எவ்வளவு? இரவில் புரட்டுபவர் யார்? ஓர் உதவியாளர்க்கு எத்தனை முதியோர்? இறுதி வினாவிற்கான விடை பல உண்மைகளை உரைத்துவிடும். இருபது பேரை ஒருத்தி புரட்ட முடியாது. அங்கே அவளைக் குறை சொல்வது அறமன்று.

உதவியாளரின் பெயரைக் கேட்டு, அப்பெயரால் அழைக்க. அவர்க்கு வார ஓய்வும், இரவு உறக்கமும், உழைப்பிற்கேற்ற ஊதியமும் உண்டா என்று இல்லத்தாரிடம் வினவுக. பயிற்சிக்கு அனுப்பக் கூடிய வசதி படைத்தோர் ஒரு பெண்ணின் பயிற்சிச் செலவை ஏற்றால், அது பலருக்கு மருந்துத் தானமாய் அமையும்.

8. பயிற்சி வினாக்கள்

1. சிவந்த தோல், அழுத்தியும் வெளுக்காவிடில் எதனை உணர்த்துகிறது? அப்போது செய்யத் தகாதது யாது?
2. இரவில் உண்ணா நோன்புடைய சர்க்கரை நோயாளியைப் பற்றி உதவியாளர் யாரிடம், எதனை அறிவித்தல் வேண்டும்?
3. 'இன்று பாட்டி நன்றாக இருக்கிறார்' என்னும் குறிப்பைப் பயனுள்ள குறிப்பாகத் திருத்தி எழுதுக.
4. உங்கள் வீட்டு முதியவரின் பாதத்தை நீங்கள் இறுதியாகப் பார்த்த நாள் எது?

முதல் மூன்று வினாக்களுக்கும் விடை இக்கட்டுரையிலேயே உள்ளது. நான்காவதற்கு விடை தெரியாதோர் இதழை மூடி வைத்துவிட்டு இன்றே சென்று பார்ப்பாராக.

அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் இப்பணியை விட்டுவிடவில்லை. நம் தோழியாரை இறுதிவரை வேளை தவறாமல் புரட்டியவள் அவளே. படுக்கையின் தலைமாட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நேரமும் பக்கமும் குறித்து வந்தாள். நாம் சென்றதும் முதலில் அந்நோட்டை நம் கையில் தருவாள். வருகைப் பதிவேட்டை வாசித்த கண்களால் அதை வாசித்தோம். பிறகு அவள் போர்வையை விலக்க, இருவரும் சேர்ந்து முதுகைப் பார்த்தோம்.